போன் எஃப்.எம்.மைத் திறப்பதா, ஆப் போதுமா, தனி ரேடியோ வாங்குவதா?

ஐப்பசி பிறந்து மழை பிடிக்கத் தொடங்கியதும் வாசகர்களிடம் இருந்து ஏறக்குறைய ஒரே கேள்விகள் வரும். "என் போனில் எஃப்.எம். இருக்கிறதா?" "இருக்கிறது என்கிறார்கள், ஆனால் ஆப்பைக் காணோம். எப்படித் திறப்பது?" "இவ்வளவு மெனக்கெடுவதற்குச் சின்னதாக ஒரு ரேடியோ வாங்கிவிடலாமா?" "ஆப்பிலேயே வானொலி வருகிறதே, அது போதாதா?"

மழைக்காலத்தில் இந்தக் கேள்விகள் வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளம், 2016-ல் வர்தா, 2018-ல் கஜா, 2023 டிசம்பரில் மிக்ஜாம். ஒவ்வொன்றிலும் முதலில் கரண்ட் போனது, சில மணி நேரத்தில் டவர் பேட்டரியும் தீர்ந்து சிக்னல் போனது. கஜாவுக்குப் பிறகு நாகை, திருவாரூர், தஞ்சைப் பக்கக் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. புயல் எங்கே நிற்கிறது, எந்த முகாம் திறந்திருக்கிறது, எந்தப் பாலம் மூடியிருக்கிறது என்று தெரியாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலருடைய சட்டைப் பையில் இருந்த போனுக்குள் ஒரு ரேடியோ ரிசீவர் இருந்திருக்கும். அது இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இந்தக் கட்டுரை அதற்காகத்தான். நான்கு வழிகளை வைத்துப் பார்ப்போம்: போனுக்குள் இருக்கும் எஃப்.எம்.மைத் திறப்பது, இணையம் வழியாக ஆப்பில் கேட்பது, தனி ரேடியோ வாங்குவது, எஃப்.எம். உள்ள பட்டன் போன் ஒன்றை வைத்துக்கொள்வது.

## எதை வைத்து முடிவெடுப்பது?

முதல் அளவுகோல் நெட்வொர்க். டவரும் வைஃபையும் இல்லாதபோது அது பாடுமா? என்னைக் கேட்டால் மற்ற எல்லாமே இதற்குப் பின்னால்தான். 2023-ல் எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் அலறியதே, அரசின் சோதனை எச்சரிக்கை, அதுவும் டவர் வழியாகத்தான் வந்தது. டவர் இல்லையென்றால் அந்த அலறலும் இல்லை.

இரண்டாவது, உங்கள் ஊரில் சிக்னல் எப்படி. எஃப்.எம். அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். ஒலிபரப்புக் கோபுரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் எட்டும். கொடைக்கானல் பண்பலை 100.5 மலை உச்சியில் இருந்து ஒலிபரப்பாவதால்தான் மதுரை, தேனி, திண்டுக்கல் என்று அவ்வளவு பரப்பில் தெளிவாகக் கேட்கிறது. ஊர் மக்களுக்காக நடக்கும் சின்ன நிலையங்களான சமுதாய வானொலிகளுக்குப் பொதுவாக 100 வாட் வரைதான் அனுமதி. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டினால் கரகரப்புதான்.

மூன்றாவது, செலவு. வாங்கும் விலையை மட்டும் பார்க்கக் கூடாது, கூடவே ஒட்டிக்கொண்டு வரும் சில்லறைச் செலவுகளையும் சேர்க்க வேண்டும். நான்காவது, பேட்டரி எத்தனை நாள் தாங்கும். ஐந்தாவது, யார் கையில் இருக்கப் போகிறது. அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் வாங்குவது வேறு, கல்லூரிக்குப் போகும் பையனுக்கு வாங்குவது வேறு.

இன்னொன்றும் இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை: உங்களுக்குக் கேட்க வேண்டியது பாட்டா, செய்தியா? தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியறிக்கையை வேண்டுமானால் அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம். வானிலை, போக்குவரத்து, உள்ளூர் நிர்வாக அறிவிப்புகள் சொல்லலாம். அதனால் புயல் நேரத்துக்கு என்றால் ஆகாசவாணி எடுக்கிறதா என்பதுதான் சோதனை. சென்னைக்காரர்கள் ஆகாசவாணியின் 101.4 ரெயின்போ தெளிவாக வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், அப்புறம்தான் 93.5, 98.3 போன்ற தனியார் நிலையங்கள்.

## வழி 1: போனுக்குள்ளேயே இருக்கும் எஃப்.எம்.

வைஃபை, புளூடூத் வேலைகளைப் பார்க்கும் சிப்பிலேயே எஃப்.எம். ரிசீவரையும் சேர்த்துச் செய்வது பல வருடப் பழக்கம். சிப் தயாரிக்கும் குவால்காம், மீடியாடெக், பிராட்காம் எல்லாருமே அப்படிச் செய்திருக்கிறார்கள். சிப்புக்குள் ஒரு மூலையில் அது இருந்துவிட்டுப் போகும், தனிச் செலவு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை.

ஆனால் சிப் இருந்தால் மட்டும் ரேடியோ பாடிவிடாது. மூன்று விஷயம் சேர வேண்டும். சிப்பில் ரிசீவர் இருக்க வேண்டும். அதற்கு ஆன்டெனா வந்து சேரும் பாதை போன் போர்டில் போட்டிருக்க வேண்டும். அப்புறம், இரண்டையும் இயக்கும் மென்பொருள் இருக்க வேண்டும். "எஃப்.எம்.மைத் திறப்பது" என்று நாம் சொல்வது மூன்றாவதை மட்டும்தான். முதல் இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் எந்த ஆப்பாலும், எந்த ரகசிய எண்ணாலும் திறக்க முடியாது.

ஆன்டெனாதான் இயர்போன். எஃப்.எம். அலைவரிசை 87.5-ல் இருந்து 108 மெகாஹெர்ட்ஸ் வரை. நூறு மெகாஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது முக்கால் மீட்டர் கம்பி இருந்தால் நன்றாகப் பிடிக்கும். உள்ளங்கை அளவு போனுக்குள் அவ்வளவு கம்பிக்கு இடம் ஏது? அதனால்தான் இயர்போன் வயரையே ஆன்டெனாவாக்கி, "ஹெட்செட்டைச் செருகவும்" என்று போன் கேட்கிறது. செருகிவிட்டு ஸ்பீக்கரில் கேட்கலாம், பெரும்பாலான எஃப்.எம். ஆப்களில் அதற்குப் பொத்தான் உண்டு. வயர் மட்டும் செருகியே இருக்க வேண்டும்.

மென்பொருள் மட்டும் பூட்டிக் கிடந்ததற்கு நல்ல உதாரணம் சியோமி எம்.ஐ. ஏ1. 2017 செப்டம்பரில் இந்தியாவில் வந்த போன். ஹெட்போன் ஓட்டை இருந்தது, சிப்பிலும் ரிசீவர் இருந்தது, ரேடியோ ஆப் மட்டும் இல்லை. *#*#6484#*#* என்று டயல் செய்தால் திறக்கும் சோதனை மெனுவில் எஃப்.எம். சோதனை ஒன்று இருந்தது. அதில் நிலையங்கள் பாடின. விவரம் தெரிந்தவர்கள் அப்படித்தான் கேட்டார்கள். பிறகு ஆண்ட்ராய்டு 9 ("பை") அப்டேட்டில் கம்பெனியே எஃப்.எம்.மைக் கொடுத்தது. அந்தப் போனை முதலிலேயே வாங்கியவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் ரேடியோவைப் பையிலேயே வைத்துக்கொண்டு ரேடியோ இல்லாமல் இருந்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வதற்கு என்ன தயக்கம் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இதற்கு நேர் எதிர் உதாரணம் ஐபோன். 2017-ல் ஹார்வி, இர்மா, மரியா என்று அமெரிக்காவை மூன்று சூறாவளிகள் அடுத்தடுத்து அடித்த பிறகு, அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையத் தலைவராக இருந்த அஜித் பாய், ஐபோனில் உள்ள எஃப்.எம். சிப்பைத் திறந்துவிடும்படி ஆப்பிளிடம் வெளிப்படையாகக் கேட்டார். ஐபோன் 7-லும் 8-லும் எஃப்.எம். சிப்பும் கிடையாது, அதற்கான ஆன்டெனா வடிவமைப்பும் கிடையாது என்று ஆப்பிள் பதில் சொன்னது. ஆகவே ஐபோன் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம்.

இந்தியாவிலும் 2023-ல் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் போன் தயாரிப்பாளர் சங்கங்களுக்கு ஒரு அறிவுறுத்தல் அனுப்பியது. எஃப்.எம். வசதி உள்ள போன்களில் அதை முடக்கி வைக்காதீர்கள், இல்லாதவற்றில் சேர்க்கப் பாருங்கள் என்பது சாரம். பேரிடர் காலத்தையும், டேட்டாவுக்குக் காசில்லாத மக்களையும் அது காரணமாகச் சொன்னது. அது அறிவுறுத்தல்தான், சட்டம் இல்லை. கடைக்குப் போனால் இன்றும் எஃப்.எம். உள்ளதும் இல்லாததும் கலந்தேதான் இருக்கின்றன. பொதுவாக, விலை குறைந்த போன்களில் எஃப்.எம். இருக்கும், விலை ஏற ஏற இருக்காது.

### உங்கள் போனில் இருக்கிறதா என்று பார்ப்பது

ஆப் பட்டியலில் "ரேடியோ" என்றும் "எஃப்.எம்." என்றும் தேடுங்கள். சில போன்களில் கருவிகள் என்ற ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கும். கிடைக்கவில்லை என்றால் போன் கம்பெனியின் சொந்த ஆப் ஸ்டோரில் தேடுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் "போனைப் பற்றி" என்ற இடத்தில் உங்கள் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணுக்கான விவரப் பட்டியலில் ரேடியோ என்ற வரியைப் பாருங்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஏமாறுவீர்கள். ஒரே பெயரில் வெவ்வேறு நாட்டுக்கு வெவ்வேறு சிப்போடு போன் வருவது சாதாரணம். சியோமி, ரெட்மி போன் என்றால் மேலே சொன்ன எண்ணை டயல் செய்து சோதனை மெனுவில் எஃப்.எம். வரி இருக்கிறதா என்று பார்க்கலாம். அந்த மெனுவில் மற்றவற்றைத் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டியது இது: பிளே ஸ்டோரில் "எஃப்.எம். ரேடியோ" என்ற பெயரில் கொட்டிக் கிடக்கும் ஆப்கள் பெரும்பாலும் இணைய ரேடியோதான். படத்தில் சுழற்றும் குமிழும் முள்ளும் வரைந்திருப்பார்கள், உள்ளே ஓடுவது டேட்டா. கண்டுபிடிக்கச் சுலபமான வழி, மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டுப் போடுவது. அப்போதும் பாடினால் உண்மையான எஃப்.எம். நிலையங்களுக்கு நடுவில் "உஸ்ஸ்" என்ற இரைச்சல் கேட்டால் இன்னும் உறுதி.

### ரூட் செய்து திறக்கலாமா?

வேண்டாம். சிப் இருக்கிறது, ஆப் இல்லை என்ற நிலையில் போனை ரூட் செய்தோ (கம்பெனி போட்ட பூட்டை உடைத்து முழுக் கட்டுப்பாட்டையும் எடுப்பது) வேறு ரோம் (போனை இயக்கும் மென்பொருள்) ஏற்றியோ எஃப்.எம்.மை எழுப்ப முடியும் என்று வீடியோக்கள் சொல்லும். சில மாடல்களில் முடியும்தான். ஆனால் ரூட் செய்த போனில் வங்கி ஆப்பும் யூ.பி.ஐ.யும் மக்கர் செய்யும், வாரண்டி போகும், ஒரு படி தவறினால் போனே எழாமல் போகும். போர்டில் ஆன்டெனா பாதை போடப்படவில்லை என்றால் இவ்வளவு பாடும் பட்டுவிட்டு இரைச்சல்தான் மிச்சம். ஒரு ரேடியோவின் விலைக்கு மேல் மதிப்புள்ள எதையும் இதில் பணயம் வைக்காதீர்கள். பழைய போனில், பொழுதுபோக்காக என்றால் அது வேறு விஷயம்.

### மறைந்திருக்கும் செலவு

முதல் செலவு இயர்போன். வீட்டில் எல்லாரும் புளூடூத்துக்கு மாறியிருப்பார்கள், வயர் உள்ளது ஒன்றுகூட இருக்காது. நூறு, இருநூறு ரூபாய்க்கு ஒன்று வாங்கிவிடலாம், சரி. இரண்டாவது சிக்கல் பெரிது: ஹெட்போன் ஓட்டை இல்லாத போன். டைப்-சி இயர்போனிலும் இணைப்பானிலும் இரண்டு வகை உண்டு. வெறும் வயரைக் கடத்தும் வகையில், போனும் ஒத்துழைத்தால், எஃப்.எம். எடுக்க வாய்ப்புண்டு. உள்ளே தனிச் சிப் வைத்து டிஜிட்டலாக ஒலி தரும் வகையில் பாட்டு நன்றாக வரும், எஃப்.எம்.முக்கு ஆன்டெனா கிடைக்காது. பாக்கெட் மேல் இதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். கடையிலேயே செருகிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மூன்றாவதாக, பேட்டரி. எஃப்.எம். ரிசீவர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, ஸ்ட்ரீமிங்கோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் அதே பேட்டரியில்தான் போனின் மற்ற எல்லாமும் ஓடுகிறது. டவர் இல்லாத நேரத்தில் போன் சிக்னலைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்னும். ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு எஃப்.எம். கேட்க முடிந்தால் நல்லது, சில போன்கள் அதை அனுமதிக்கும், சில அனுமதிக்காது. கரண்ட் இருக்கும்போதே முயன்று பார்த்துவிடுங்கள்.

கேட்கும் இடமும் முக்கியம். கான்கிரீட் வீட்டின் நடு அறையில் திணறும் நிலையம் ஜன்னலோரம் போனதும் தெளிவாகும். வயரைச் சுருட்டி வைக்காமல் நீளமாகத் தொங்கவிட வேண்டும். ஜன்னல் கொக்கியில் மாட்டி நேராக இழுத்துவிட்டால் வித்தியாசம் அப்போதே காதில் தெரியும். மலிவு சார்ஜரில் போட்டுக்கொண்டே கேட்டால் ஒரு ரீங்காரம் சேரும், சார்ஜரைக் கழற்றினால் போய்விடும்.

இது யாருக்குச் சரி: போனில் எஃப்.எம். ஏற்கெனவே இருப்பவர்கள், ஹெட்போன் ஓட்டை உள்ள போன் வைத்திருப்பவர்கள், புதுப் போன் வாங்கப் போகிறவர்கள். கடைசியாகச் சொன்னவர்களுக்கு ஒரு வார்த்தை: பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய் அளவில் தேடும்போது கேமரா, ரேம் போல எஃப்.எம்.மையும் ஒரு நிபந்தனையாக வையுங்கள். கேட்பவர் யாருமில்லை என்று நினைத்துத்தான் கம்பெனிகள் அதை விட்டுவிடுகின்றன.

## வழி 2: இணையம் வழியாக ஆப்

சாதாரண நாளில் இதைவிட வசதி எதுவும் இல்லை. ஆகாசவாணியின் நியூஸ் ஆன் ஏர் ஆப்பில் நாடு முழுவதும் உள்ள அதன் நிலையங்கள் கிடைக்கின்றன. டெல்லியில் வேலை பார்க்கும் ஒருவர் தமிழ் நிலையம் கேட்கலாம், துபாயிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் ஊர்ச் செய்தி கேட்கலாம். கரகரப்பு கிடையாது, ஆன்டெனா வேண்டாம், புளூடூத்தில் கேட்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பல நேரம் இது ஒன்றுதான் வழி. நார்வேயில் தேசிய நிலையங்கள் 2017-லேயே எஃப்.எம்.மை விட்டு டிஜிட்டல் ஒலிபரப்புக்குப் போய்விட்டன. அங்கே இருக்கும் தமிழர்கள் போனில் எஃப்.எம். திறந்தாலும் கேட்க அதிகம் இருக்காது.

டேட்டா கணக்கு பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. 128 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 58 எம்.பி., 64 கிலோபிட் என்றால் 29 எம்.பி. தினம் ஒன்றரை ஜி.பி. உள்ள பேக்கில் நாலு மணி நேரம் கேட்டாலும் தாங்கும். ஆனால் அந்தப் பேக்கை மாதா மாதம் போட முடிகிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு. ரீசார்ஜ் முடிந்த அன்றே ரேடியோவும் நின்றுபோவது எஃப்.எம்.மில் கிடையாது.

தாமதம் இன்னொன்று. இணைய ஒலிபரப்பு பல விநாடி பின்னால்தான் வரும், சில நேரம் அரை நிமிடம்கூட. கிரிக்கெட் வர்ணனை கேட்கும்போது பக்கத்து வீட்டு ஆரவாரம் முதலில் கேட்டுவிடும், அது பரவாயில்லை. தனியார் நிலையங்கள் பலவற்றின் உள்ளூர் ஒலிபரப்பு அப்படியே ஆப்பில் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. அதே பெயரில் வேறு நிகழ்ச்சித் தொகுப்பு ஓடும். உங்கள் ஊர்ப் போக்குவரத்து அறிவிப்பை எதிர்பார்த்து அதைத் திறந்தால் கிடைக்காது.

முதல் அளவுகோலில் இது முழுசாகத் தோற்கிறது. டவர் போனால் ஆப்பும் போனது. அதனால் தினசரி கேட்க ஆப்பை வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்துக்கு அதை நம்பாதீர்கள்.

இது யாருக்குச் சரி: வெளியூர், வெளிநாட்டில் இருப்பவர்கள், ஐபோன் வைத்திருப்பவர்கள், ஆகாசவாணி எஃப்.எம். எட்டாத ஊர்க்காரர்கள்.

## வழி 3: தனி ரேடியோ

நான்கில் எனக்கு மிகவும் நம்பிக்கையானது இதுதான். ஐந்நூறு ரூபாயில் தொடங்கி இரண்டாயிரத்துக்குள் நல்ல பாக்கெட் ரேடியோ கிடைக்கும். பென்டார்ச் செல் இரண்டு போட்டால் தினம் சில மணி நேரம் என்று பல நாள் ஓடும். செல் தீர்ந்தால் தெருமுனைப் பெட்டிக்கடையில் கிடைக்கும், கரண்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் போன் பேட்டரி பேசுவதற்கும் டார்ச்சுக்கும் மிச்சமாகும். சொந்த ஆன்டெனா இருப்பதால் போன் தடுமாறும் இடத்திலும் எடுக்கும்.

இன்னொரு பெரிய ஆதாயம், மீடியம் வேவ், அதாவது பழைய ரேடியோக்களில் வரும் ஏ.எம். ஒலிபரப்பு. எந்த ஸ்மார்ட்போனிலும் மீடியம் வேவ் எடுக்காது. எஃப்.எம். எட்டாத தொலைவிலும் மீடியம் வேவ் எட்டும், இரவில் இன்னும் தூரம் போகும். கிராமத்துக்கு வாங்குவதானால் எஃப்.எம்., மீடியம் வேவ் இரண்டும் உள்ளதாகப் பாருங்கள். எஃப்.எம். கேட்க மேலே உள்ள கம்பியை முழுசாக இழுத்துவிட்டுச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். மீடியம் வேவுக்கு அந்தக் கம்பி பயன்படாது. ஆன்டெனா செட்டுக்குள் படுத்த வாக்கில் இருக்கும். செட்டையே மெதுவாகத் திருப்பினால் ஒரு திசையில் குரல் நிமிரும், அங்கே நிறுத்திவிடுங்கள்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மின்னும் விளக்கும் மெமரி கார்டு ஓட்டையும் உள்ள செட்டுகளில் பெரும்பாலும் உள்ளே லித்தியம் பேட்டரிதான் இருக்கும், சார்ஜ் தீர்ந்தால் கரண்ட் வேண்டும். அவசரத்துக்கு என்றால் செல் போடும் செட்டே மேல். செல்லை உள்ளேயே விட்டு மாதக்கணக்கில் மறந்துவிட்டால் அது கசிந்து உள்ளே உள்ள தகடை அரித்துவிடும். தனியாக எடுத்து வையுங்கள்.

கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் இருக்கும் புளூடூத் ஸ்பீக்கரையும் ஒரு தடவை பாருங்கள். மலிவு விலை ஸ்பீக்கர்கள் பலவற்றில் எஃப்.எம். உண்டு. மோடு பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் வரும். சார்ஜ் வயரைச் செருகிவிட்டால் பல ஸ்பீக்கர்களில் அதுவே ஆன்டெனா.

இது யாருக்குச் சரி: கடலோர மாவட்டங்கள், டெல்டா, வெள்ளம் தேங்கும் பகுதிகள், பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடு. ஒரு குமிழைத் திருகினால் பாடும் செட்டை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

## வழி 4: எஃப்.எம். உள்ள பட்டன் போன்

ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் இருந்து கிடைக்கிறது. ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாள்கணக்கில் நிற்கும். நோக்கியா 110 4ஜி போன்ற சில மாடல்களில் இயர்போன் செருகாமலேயே எஃப்.எம். கேட்கலாம், உள்ளேயே சின்ன ஆன்டெனா வைத்திருக்கிறார்கள். சிக்னல் பலமாக உள்ள நகரத்தில் அது போதும். தள்ளியிருக்கும் ஊரில் இயர்போன் செருகினால்தான் நன்றாக வரும். சில ரெட்மி மாடல்களிலும் இதே வசதி உண்டு.

ஸ்பீக்கர் சின்னது, மீடியம் வேவ் இல்லை. ஆனால் பேசவும் கேட்கவும் டார்ச் அடிக்கவும் ஒரே பொருள் என்பதால் வீட்டுக்கு இரண்டாவது போனாக இதை வைத்துக்கொள்ளலாம். வயல் வேலை, கட்டட வேலை, காவல் பணி என்று நாள் முழுக்க வெளியில் இருப்பவர்களுக்கு இது பழகிய பொருள், அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை.

இதே கணக்கில் பழைய ஸ்மார்ட்போனையும் சேர்க்கலாம். அலமாரியில் கிடக்கும் போனில் எஃப்.எம். இருந்தால் சிம் இல்லாமலேயே பாடும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் தொடாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | டவர் இல்லாதபோது | முதல் செலவு | கூட வரும் செலவு | பேட்டரி |
|---|---|---|---|---|
| போன் எஃப்.எம். | பாடும் | போன் ஏற்கெனவே இருந்தால் இல்லை | வயர் இயர்போன், சில போனுக்கு இணைப்பான் | போன் சார்ஜைப் பொறுத்தது |
| இணைய ஆப் | பாடாது | இல்லை | மாத ரீசார்ஜ் | வேகமாகத் தீரும் |
| தனி ரேடியோ | பாடும், மீடியம் வேவும் எடுக்கும் | 500 முதல் 2,000 ரூபாய் | செல் | பல நாள், செல் மாற்றலாம் |
| பட்டன் போன் | பாடும் | ஆயிரத்துச் சொச்சத்தில் இருந்து | சிம் போட்டால் ரீசார்ஜ் | நாள்கணக்கில் |

## உங்கள் நிலைமைக்கு எது?

போனில் எஃப்.எம். ஆப் ஏற்கெனவே இருக்கிறது என்றால் கேள்வியே இல்லை, இயர்போன் ஒன்று வாங்குங்கள். ஆப் இல்லை, ஆனால் உங்கள் மாடலின் விவரப் பட்டியலில் ரேடியோ என்று போட்டிருக்கிறது என்றால் அப்டேட் போட்டுப் பாருங்கள், கம்பெனி ஸ்டோரில் தேடுங்கள், சோதனை மெனுவைப் பாருங்கள். ஒரு மாலை நேரம் செலவழிக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். பட்டியலில் ரேடியோவே இல்லையென்றால் அந்த மாலையையும் செலவழிக்காமல் நேராகத் தனி ரேடியோவுக்குப் போங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டும். நடு அறையில் போன் எஃப்.எம். திணறினால், கம்பி நீளமான ரேடியோ அதே அறையில் எடுக்க வாய்ப்பு அதிகம்.

மீனவக் குடும்பங்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாம்பனில் கடல் ஓசை 90.4 மீனவர்களுக்காகவே நடக்கும் சமுதாய வானொலி. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் மொபைல் சிக்னல் விட்டு விட்டு வரும். திறந்த கடலில் எஃப்.எம்.முக்கு மறைப்பு இல்லை, கரையில் இருக்கும் நிலையம் எட்டும் தூரம் வரை தெளிவாகவே கேட்கும். படகுக்குச் செல் போடும் ரேடியோ எடுத்துப் போவது நல்லது, பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உப்புக்காற்றும் தண்ணீரும் படாது. ஆனால் ரேடியோவில் கேட்கத்தான் முடியும், பதில் பேச முடியாது. 2017-ல் ஒக்கி புயல் வந்தபோது எச்சரிக்கை போய்ச் சேராமல் எத்தனை பேர் கடலில் இருந்தார்கள் என்று நமக்குத் தெரியும். படகில் இருந்து பேச உதவும் வி.எச்.எஃப். கருவிக்கு எஃப்.எம். மாற்றாகாது, கூடுதலாக ஒன்று, அவ்வளவுதான்.

கரையில் இருப்பவர்களுக்கு என் தேர்வு இதுதான்: போனில் எஃப்.எம். இருந்தால் அது அன்றாடத்துக்கு, வீட்டுக்குப் பொதுவாகச் செல் போடும் ரேடியோ ஒன்று அவசரத்துக்கு. விலை குறைந்த செட்டாக எடுத்தால், இரண்டும் சேர்ந்தாலும் ஒரு மாத ரீசார்ஜைப் போல இரண்டு மூன்று மடங்குதான் வரும்.

எதை எடுத்தாலும் மழைக்கு முன்னால் ஒரு நாள் டேட்டாவை அணைத்துவிட்டு, உங்கள் வீட்டில் எந்த நிலையம் எந்த மூலையில் நன்றாக எடுக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஆகாசவாணி எண், பக்கத்துச் சமுதாய வானொலி எண், தமிழ்ச் செய்தி நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, புதுச் செல்லோடும் இயர்போனோடும் ஒரே பையில் போட்டு, வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.